லோரி மோதினால் ஆறு வருஷம், போலீஸ் அடித்தால் மூன்று

எங்கள் ஊரில் செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒரு மோட்டார் சைக்கிளைத் தட்டிவிட்டால், ஆம்புலன்ஸ் வந்து சேர்வதற்குள், வக்கீலுக்குக் கேஸ் பிடித்துத் தரும் ரன்னர் வந்துவிடுவார். எந்த வக்கீல், எந்த இன்சூரன்ஸ், எவ்வளவு கிடைக்கும், எல்லாம் ரோட்டோரத்திலேயே பேசி முடிந்துவிடும். சட்டப்படி அது தப்பு. நடக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

மலேசியாவின் பேராக்கில் ஒரு தோட்டத்துப் பட்டணம் இது. கீழே அடகுக்கடை, மேலே எங்கள் வக்கீல் ஆபீஸ். பல வருஷமாக நான் அங்கே கிளார்க். ஆபீஸின் பாதி வருமானம் எக்சிடெண்ட் க்ளேம். அந்த விஷயத்தில் எங்கள் ஜனங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியே காலம் கழித்த பாட்டி ஒருவர், பேரன் கால் உடைந்த கேஸுக்காக மைலோ டின் நிறைய ரசீதுகளோடு மாடிப்படி ஏறி வந்தார். டெக்சி வாடகை, பாம்பர்ஸ், ஊன்றுகோல், ஆட்டுக்கால் சூப்புக்கு வாங்கிய எலும்பு வரைக்கும் தேதிவாரியாக இருந்தது. எலும்புக்கு நீதிமன்றம் காசு தராது என்று சொன்னதும் பாட்டிக்குக் கோபம் வந்துவிட்டது.

அதே ஜனங்கள், பிள்ளையைப் போலீஸ் லாக்காப்பில் அடித்துவிட்டார்கள் என்று வரும்போது கையை வீசிக்கொண்டு வருகிறார்கள். ரிப்போர்ட் இல்லை, ஃபோட்டோ இல்லை, ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. எல்லாவற்றையும்விட மோசம், வருகிற காலம். நடந்து ரெண்டு வருஷம், மூணு வருஷம் கழித்து வருவார்கள். யாரோ சொல்லியிருப்பார்கள், கேஸ் போட ஆறு வருஷம் இருக்கிறது என்று. சொன்னவர் பொய் சொல்லவில்லை. லோரி கேஸுக்கு ஆறு வருஷம்தான். 1953-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் அரசாங்க ஊழியர் தன் கடமையின் பெயரில் செய்த காரியத்துக்கு வழக்குப் போட வேண்டுமென்றால் வேறு சட்டம். 1948-ஆம் ஆண்டின் பொது அதிகாரிகள் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 2: சம்பவம் நடந்த நாளிலிருந்து 36 மாதம். அதற்கு மேல் ஒரு நாள் ஆனாலும், எதிர்த்தரப்பு காலவரையறையைக் காட்டினால் போதும், அடித்தார்களா இல்லையா என்று விசாரிக்காமலே வழக்கு முடிந்துவிடும்.

சட்டத்தின் பெயரிலேயே விஷயம் இருக்கிறது, அதிகாரிகளைப் பாதுகாக்கிற சட்டம். வெள்ளைக்காரன் காலத்தில் எழுதியது. சுதந்திரம் வந்து இத்தனை வருஷமாகியும் யாருக்கும் அது உறுத்தவில்லை.

இத்தனை வருஷம் ஃபைல்களோடு உட்கார்ந்து நான் பார்த்தது இதுதான்: போலீஸ் அடித்த கேஸ்களை நீதிபதிகள் கொன்றதைவிட, நம் ஆட்கள் காத்திருந்து கொன்றது அதிகம். ‘காயம் ஆறட்டும்’ என்று காத்திருப்பார்கள். ‘கிரிமினல் கேஸ் முடியட்டும்’ என்று காத்திருப்பார்கள். ‘ஒய்.பி. பேசுறேன்னு சொல்லியிருக்காரு’ என்று தொகுதி மக்கள் பிரதிநிதியை நம்பிக் காத்திருப்பார்கள். இதற்கிடையில் 36 மாதமும் ஓடிவிடும்.

ஒரு கேஸைச் சொல்கிறேன். பையன் பெயர் வேண்டாம், ஸ்டேஷன் பெயரும் வேண்டாம். எங்கள் பழைய தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், எங்கள் லயத்துக்கு எதிர் லயம். தோட்டம் வீடமைப்புத் திட்டமாக மாறியபோது அவர்கள் பட்டணத்தை ஒட்டிய மலிவு விலை வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அவன் அம்மாவை நான் சின்னம்மா என்றுதான் கூப்பிடுவேன், ரத்த சொந்தம் இல்லை. பையன் டயர் கடையில் வேலை. ஒரு நாள் ராத்திரி மோட்டார் சைக்கிள் திருட்டு சந்தேகத்தில் பிடித்துக்கொண்டு போனார்கள். அவன் ஓட்டி வந்த மோட்டார் கூட்டாளியுடையது, கையில் கிராண்ட், அதாவது வண்டிப் பதிவுப் பத்திரம், இல்லை. அவ்வளவுதான் தொடக்கம்.

மோட்டார் திருட்டுக்குத் தண்டனை 14 வருஷத்துக்குக் கீழே. அப்படிப்பட்ட குற்றங்களுக்குக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 117 முதலில் 4 நாள், தேவைப்பட்டால் இன்னும் 3 நாள் ரிமான்ட் அனுமதிக்கிறது. 14 வருஷமும் அதற்கு மேலும் என்றால் 7 நாள், அப்புறம் இன்னும் 7. பொக்கா எனும் குற்றத் தடுப்புச் சட்டத்தில் பிடித்தால் 21 நாள், பிறகு 38 நாள். இந்தக் கணக்கை ஒரு கன்றிய தோலோடு வைத்துப் பாருங்கள். அடித்த அன்று சிவப்பு. மறுநாள் நீலம், கருப்பு. வாரம் ஆகும்போது ஓரத்தில் பச்சையோடும். பிறகு மஞ்சள். இரண்டு வாரத்தில் பெரும்பாலும் தேடினால்தான் தெரியும். ஆள் வெளியே வரும்போது உடம்பு தன் சாட்சியைப் பாதி அழித்துவிட்டிருக்கும். இதை யாரும் திட்டம் போட்டுச் செய்கிறார்கள் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனால் பாதத்தில் அடிப்பதும் காதோடு சேர்த்து அறைவதும் ஏன் இவ்வளவு சகஜமாக இருக்கிறது என்று யோசித்தால் ஒரு பதில் வராமல் போகாது. அந்த அடிகள் சீக்கிரம் மறைந்துவிடுகின்றன. கிழிந்த செவிப்பறைகூடப் பல பேருக்குச் சில மாதத்தில் தானாக மூடிக்கொள்ளும்.

அந்தப் பையனுக்கும் காதுதான். இடது காது. பாதத்தில் ரப்பர் குழாய்.

ரிமான்ட் நடுவில் அவனை ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவை கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். காதிலிருந்து ரத்தம் வந்ததால் வேறு வழியில்லை. நாங்கள் பிறகு மருத்துவ அறிக்கைக்கு எழுதிப் போட்டு, மாதக்கணக்கில் அலைந்து வாங்கினோம். அதில் எப்படிக் காயம் ஏற்பட்டது என்கிற இடத்தில், குளியலறையில் வழுக்கி விழுந்ததாக நோயாளி கூறினார் என்று இருந்தது. மலாயில், ஒரே வரி. அவனைக் கேட்டேன், “ஏன்டா அப்படிச் சொன்னே?” “விலங்கு போட்டிருந்தாங்கக்கா. சாவி வச்சிருந்தவரு என் பக்கத்துலதான் நின்னாரு. டாக்டரு அவரு முன்னாடியே கேட்டாரு.”

அந்த ஒரு வரியைச் சுற்றித்தான் கேஸ் முழுவதும் நடந்தது. அரசாங்கத் தரப்பின் எதிர்வாதம் அதிலிருந்துதான் எழுதப்பட்டிருந்தது: யாரும் தொடவில்லை, குளியலறையில் விழுந்தார், அவரே மருத்துவரிடம் சொல்லியிருக்கிறார். டாக்டர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, அவசரப் பிரிவில் அன்றைக்கு எத்தனை பேர் காத்திருந்தார்களோ. ஆனாலும், ‘கொஞ்சம் வெளியே நில்லுங்கள்’ என்று ஒரு வார்த்தை சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

எங்களைக் காப்பாற்றியது இரண்டு விஷயம். ஒன்று, ரிமான்ட் நீட்டிக்கக் கேட்டு மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தியபோது இலவசச் சட்ட உதவி வக்கீல் ஒருவர் அங்கே இருந்தார். 2012-லிருந்து தேசிய சட்ட உதவி அறநிறுவனம் என்று ஒன்று இயங்குகிறது, மலாய்ச் சுருக்கத்தில் ஒய்.பி.ஜி.கே. கைதாகும்போதும் ரிமான்ட் விசாரணையிலும் அதன் வக்கீல்கள் இலவசமாகப் பேசுவார்கள். அந்த இளம் வக்கீல் பையனைப் பார்த்து, காதில் என்ன பஞ்சு என்று கேட்டிருக்கிறார். இவன் மெதுவாகச் சொல்லியிருக்கிறான். அவர் எழுந்து, அடிபட்டதாகச் சொல்கிறார், பதிவு செய்துகொள்ளுங்கள் என்று மாஜிஸ்திரேட்டிடம் கேட்க, மாஜிஸ்திரேட்டும் கையால் குறிப்பு எழுதிக்கொண்டார். ரிமான்ட் என்னவோ நீண்டது. ஆனால் அந்தக் குறிப்பு நீதிமன்றப் பதிவு. அதை யாராலும் குளியலறையில் வழுக்க வைக்க முடியாது.

இரண்டாவது, வெளியே வந்த அன்றே மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனது. இது எளிதாக நடக்கவில்லை. போலீஸ் ஜாமீனில் விட்ட அன்று மாலை சின்னம்மா வீட்டுக்கு நான் போனபோது, அவன் போட்டிருந்த சட்டை பின்கட்டு வாளியில் சோப்புத் தூளில் ஊறிக்கொண்டிருந்தது. தோள்பட்டையில் காதிலிருந்து வடிந்த ரத்தம். கறை போகாது என்று கொஞ்சம் குளோரக்ஸும் ஊற்றியிருந்தார். பெற்றவளுக்கு அந்தச் சட்டையைப் பார்க்கப் பொறுக்கவில்லை, அவரை என்ன சொல்வது? “வந்துட்டான்ல, போதும். மேல போனா மறுபடி புடிப்பாங்க” என்றார். பையன் நடக்கும்போது குதிகாலைத் தரையில் வைக்காமல், விரல் நுனியில் போய்க்கொண்டிருந்தான்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தப் பயம் புரியும். எங்கள் அப்பா காலத்தில் தோட்டத்துக்குள் போலீஸ் வந்தால், மேனேஜர் கூப்பிட்டு வந்தார்கள் என்று அர்த்தம். சண்டை சச்சரவைக் கங்காணி, கோயில் தலைவர், யூனியன் ஆள் என்று உள்ளேயே தீர்த்துக்கொண்டார்கள். ஸ்டேஷனுக்கு நாமாகப் போவது என்கிற பழக்கமே இல்லை. தோட்டம் போய்விட்டது, கங்காணியும் போய்விட்டார், பயம் மட்டும் தாமான் எனும் புதுக் குடியிருப்புக்குக் குடி வந்துவிட்டது.

அன்றைக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போனது வேறு ஒரு ஆஸ்பத்திரி. தனியாக உள்ளே அனுப்பினேன். யார் அடித்தார்கள், எதால், எத்தனை நாள் முன்னால் என்று கேட்டால் உள்ளதைச் சொல் என்றேன். அந்த டாக்டர் பாதத்தில் இருந்த பட்டையான கன்றல்களை அளந்து எழுதியிருந்தார். காதுக்குள் பார்த்து, செவிப்பறையில் ஓட்டை, கேள்திறன் சோதனைக்கு அனுப்புகிறேன் என்று எழுதியிருந்தார். வழுக்கி விழுகிறவனுக்கு இரண்டு பாதத்தின் அடியிலும் வரி வரியாகக் கன்றுமா? பிற்பாடு எங்கள் லாயர் அரசாங்கத் தரப்பு சாட்சியிடம் இதைத்தான் கேட்டார்.

அப்புறம் ரிப்போர்ட். போலீஸ் மேல் புகார் என்றால் அதே ஸ்டேஷனில்தான் கொடுக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். நாட்டில் எந்த ஸ்டேஷனிலும் கொடுக்கலாம். பக்கத்து மாவட்டத்துக்குப் போனோம். கவுன்டரில் இருந்தவர் ஒன்றும் முரட்டுத்தனமாக இல்லை, ஆனால் மூன்று தரம் ‘உறுதியாத்தான் சொல்றியா தம்பி’ என்கிற மாதிரி மலாயில் கேட்டார். அவர் தட்டச்சு செய்ததை வாசித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதே என்று சொல்லியிருந்தேன். வாசித்தான். ‘அடிக்கப்பட்டேன்’ என்பது ‘தள்ளப்பட்டேன்’ என்று இருந்தது. திருத்தச் சொன்னான், திருத்தினார்.

பெயர். எங்கள் லாயர் முதல் நாளே கேட்டது அதுதான். “அடிச்சது யாரு?” பையனுக்குத் தெரிந்ததெல்லாம் ஒருவரை மற்றவர்கள் கூப்பிட்ட செல்லப் பெயர், இன்னொருவர் சட்டையில் பாதி தெரிந்த பெயர்ப்பட்டை. அரசாங்கத்தின் மேல் வழக்குப் போடுவது 1956-ஆம் ஆண்டின் அரசாங்க வழக்குகள் சட்டத்தின்கீழ். அதன்படி அரசாங்கத்தின் பொறுப்பு, வேலைக்காரன் செய்ததற்கு முதலாளி பதில் சொல்வது மாதிரிப் பொறுப்பு. ஆகவே தப்புச் செய்த வேலைக்காரன் யார் என்று முதலில் காட்டியாக வேண்டும். ‘யாரோ ஒரு போலீஸ்’ என்றால் நிற்காது. இருட்டு அறையில் கண்ணைக் கட்டி அடிபட்டவன் எப்படிப் பெயர் சொல்வான் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதனால்தான் விசாரணை அதிகாரி யார், அன்று டியூட்டியில் யார், லாக்காப் டைரியில் எத்தனை மணிக்கு யார் கையெழுத்துப் போட்டு வெளியே எடுத்தார் என்பதெல்லாம் வேண்டும். லாயர் உடனே ஒரு கடிதம் எழுதினார்: ஸ்டேஷன் டைரி, லாக்காப் டைரி, சிசிடிவி பதிவு எல்லாவற்றையும் அழிக்காமல் வைத்திருங்கள் என்று. கேமரா பதிவு சும்மா விட்டால் பழையதை அழித்து அதன் மேலேயே புதியதை எழுதிக்கொண்டே போகும். கடிதம் போன பிறகு பதிவு காணாமல் போனால் அதற்கு அவர்கள் பதில் சொல்ல வேண்டும். எங்கள் கேஸில் கேமரா பழுதாம். டைரி கிடைத்தது. இரவு பதினொன்றே முக்காலுக்கு ‘விசாரணைக்காக’ வெளியே எடுத்தவரின் கையெழுத்து அதில் இருந்தது.

குகன் வழக்கை நம்மில் பெரும்பாலோர் கேள்விப்பட்டிருப்போம். 2009 ஜனவரி 20, சுபாங் ஜெயாவின் தைப்பான் போலீஸ் நிலையத்தில் இறந்தபோது ஆனந்தன் குகனுக்கு வயது 22. முதல் பிரேதப் பரிசோதனை நுரையீரலில் நீர் கோத்ததைக் காரணமாகச் சொன்னது. குடும்பம் ஒப்புக்கொள்ளாமல் இன்னொரு பரிசோதனை கேட்டது. அதில்தான் அடியால் தசை சிதைந்து சிறுநீரகம் செயலிழந்தது வெளியே வந்தது. உடம்பில் இருந்த காயங்களின் படங்களை நாடே பார்த்தது. குற்றவியல் வழக்கில் சிறைக்குப் போனது ஒரே ஒரு கான்ஸ்டபிள், காயம் விளைவித்ததற்கு மூன்று வருஷம். ஆனால் குகனின் அம்மா 2012-ல் சிவில் வழக்குப் போட்டார். 2013 ஜூன் 26-ல் உயர் நீதிமன்றம் 8 லட்சம் வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. பிரேதப் பரிசோதனை அறையில் அந்தக் குடும்பம் வாயை மூடிக்கொண்டு உடலை வாங்கிப்போய் அடக்கம் செய்திருந்தால், நுரையீரல் நீரோடு கதை முடிந்திருக்கும்.

அதில் கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. குற்றவியல் வழக்கில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். சிவில் வழக்கில், இப்படி நடந்திருக்கத்தான் அதிக வாய்ப்பு என்று காட்டினால் போதும். ஆகவே அடித்த போலீஸ்காரர் மேல் வழக்குத் தொடராவிட்டாலும், தொடர்ந்து விடுதலையாகிவிட்டாலும், நம் இழப்பீட்டு வழக்கு செத்துவிடாது. இதைச் சொன்னால் வருகிறவர்கள் நம்புவதில்லை. ‘அவங்களையே விட்டுட்டாங்களே, நமக்கு என்ன கிடைக்கப் போவுது’ என்று எழுந்து போய்விடுகிறார்கள்.

மறுபக்கமும் அப்படித்தான். பையன் மேலேயே ஏதாவது குற்றச்சாட்டு இருந்தால், அது முடியும்வரை வாயைத் திறக்காதே என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். திருடினானா இல்லையா என்பது ஒரு கேஸ், அவனை அடித்தது வேறு கேஸ். திருடியவனையும் அடிக்க யாருக்கும் உரிமை கிடையாது. வாக்குமூலம் வாங்குவதற்காகக் காயப்படுத்தினால் தண்டனைச் சட்டம் பிரிவு 330-ன்படி 7 வருஷம் வரை சிறை. இதை நம் ஆட்களிலேயே பாதிப் பேர் ஏற்க மாட்டார்கள். “சும்மா இருந்தவனையா அடிச்சாங்க?” என்று கோயில் வாசலில் நின்று பேசியவர்களை எனக்குத் தெரியும். சின்னம்மாவை வீட்டுக்குள் முடக்கியது போலீஸைவிட அந்தப் பேச்சுதான் என்பேன்.

புகார் கொடுப்பதையும் இழப்பீடு கேட்பதையும் ஒன்றாக நினைக்கிறவர்களும் உண்டு. புக்கிட் அமான் தலைமையகத்தில் போலீஸின் சொந்த நேர்மைத் துறை இருக்கிறது. சுஹாகாம் எனும் மனித உரிமை ஆணையம் இருக்கிறது. 2023 ஜூலை 1 முதல் ஐ.பி.சி.சி. எனும் சுயேச்சை போலீஸ் நடத்தை ஆணையம் இருக்கிறது. 2005-ல் அரச விசாரணை ஆணையம் 125 பரிந்துரைகளோடு கேட்டது இதைவிடப் பல் உள்ள ஓர் அமைப்பை. பதினெட்டு வருஷம் இழுத்து வந்தது இது, கண்டதை எழுதி ஒழுங்கு நடவடிக்கைக்கு அனுப்பும், தானே தண்டிக்காது. புகார் கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இவற்றில் எதுவும் உங்களுக்கு இழப்பீட்டுத் தீர்ப்பு எழுதித் தராது. முக்கியமாக, இவர்களின் விசாரணை நடக்கிறது என்பதற்காக 36 மாதக் கணக்கு நிற்காது. ‘உங்கள் புகார் விசாரணையில் உள்ளது’ என்கிற கடிதத்தைப் பத்திரமாகப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, நாலாவது வருஷம் கொண்டுவந்து நீட்டியவர் ஒருவர் இருந்தார். நல்ல மனுஷர். கடிதம் மட்டும் கசங்காமல் இருந்தது.

சரி, காசு எவ்வளவு? எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான், நாங்கள் கடைசியில் சொல்வதும் இதைத்தான். வலி, வேதனை, உறுப்புச் சேதம் இதற்கெல்லாம் பொது இழப்பீடு. வக்கீல்கள் கையில் ஒரு தொகுப்பேடு இருக்கும், எந்தக் காயத்துக்கு எவ்வளவு வழக்கம் என்று. எக்சிடெண்ட் கேஸுக்குப் பார்க்கிற அதே ஏடுதான். லோரி கிழித்த செவிப்பறையும் கை கிழித்த செவிப்பறையும் அதில் ஒரே விலை. செலவுக்குச் சிறப்பு இழப்பீடு, அதற்கு மைலோ டின் பாட்டி மாதிரி ரசீது வேண்டும். டயர் கடையில் கையில் வாங்கிய சம்பளத்துக்கு ஸ்லிப் இல்லாததால் இவன் வேலைக்குப் போகாத மாதங்களை நிரூபிக்கப் பெரும் பாடு. கடை முதலாளி தவுக்கேயிடம் நாலு தரம் கெஞ்சி ஒரு கடிதம் வாங்கினோம்.

இதற்கு மேலே ஒன்று இருக்கிறது, தண்டனைபோலக் கொடுக்கும் எடுத்துக்காட்டு இழப்பீடு. அரசாங்க ஊழியர்கள் அராஜகமாக, அதிகார மமதையோடு நடந்தால் அதைக் கொடுக்கலாம் என்பது 1964-ஆம் ஆண்டு இங்கிலாந்துத் தீர்ப்பிலிருந்து வந்த கொள்கை, இங்கேயும் பின்பற்றுகிறார்கள். ஆனால் அடிபட்டவர் உயிரோடு இருந்து கேட்டால்தான். இறந்துபோனால் அவருடைய சொத்துரிமைக்காக வழக்குப் போடுகிறவர்களுக்கு அது கிடையாது என்று 1956-ஆம் ஆண்டின் சிவில் சட்டம் பிரிவு 8 சொல்கிறது. 2012-ல் கோலாலம்பூர் லாக்காப்பில் மருந்தில்லாமல் இறந்த பெருமாள் சந்திரனின் மனைவிக்கு உயர் நீதிமன்றம் கொடுத்திருந்த எடுத்துக்காட்டு இழப்பீட்டை 2021-ல் நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் இந்தக் காரணத்தால் நீக்கியது. அடித்து விட்டால் அதிகம் கொடுக்க வேண்டியிருக்கும், அடித்துக் கொன்றுவிட்டால் குறைவு. நாடாளுமன்றத்தில் ஒரே ஒரு பிரிவைத் திருத்தினால் சரியாகிவிடுகிற அநியாயம் இது. எந்தக் கட்சிக் கூட்டத்திலும் இதைப் பற்றி ஒருவர் பேசி நான் கேட்டதில்லை.

வக்கீல் கட்டணம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ‘ஜெயிச்சா முப்பது பர்சென்ட் எடுத்துக்குங்க’ என்று வருகிறவர்கள் எல்லோரும் பேரம் பேசுவார்கள். 1976-ஆம் ஆண்டின் வழக்கறிஞர் தொழில் சட்டம் அதைத் தடுக்கிறது. ஜெயித்தால் பங்கு என்கிற ஒப்பந்தம் செல்லாது. ஆகவே இந்தக் கேஸ்களை எடுக்கிற வக்கீல்கள் குறைவு. எங்கள் லாயர், ஆபீஸ் செலவை மட்டும் தவணையில் கட்டு, மிச்சத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அவருக்கும் எக்சிடெண்ட் க்ளேம்தான் சோறு போடுகிறது. இதெல்லாம் ஒரு வீம்புக்கு எடுப்பது.

வழக்கை செஷன்ஸ் நீதிமன்றத்தில் போட்டோம். அங்கே 10 லட்சம் வெள்ளி வரை கேட்கலாம், இந்தக் கேஸுக்கு அது தாராளம். காலக்கெடுவுக்குப் பல மாதம் முன்பாகவே பதிவாகிவிட்டது, அந்த நிம்மதி எனக்குப் பெரிது. முதல் மூன்று விசாரணைத் தேதிகள் ஒத்திவைப்பிலேயே போயின. பிறகு டைரியில் கையெழுத்துப் போட்டவர் சாட்சிக் கூண்டில் ஏறினார். நள்ளிரவில் கைதியை வெளியே எடுத்து என்ன விசாரித்தீர்கள், அந்த விசாரணையின் குறிப்பு எங்கே என்று லாயர் கேட்டார். குறிப்பு இல்லை. பாதத்தின் கன்றல்கள் பற்றிக் கேட்டார். செருப்பில்லாமல் நடந்திருக்கலாம் என்றார். நீதிபதி பேனாவை நிறுத்திவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தார்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அரசாங்கத் தரப்பின் கூட்டரசு வழக்கறிஞர் எங்கள் லாயரைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டார். ஒரு தொகை. பொறுப்பை ஒப்புக்கொள்ளாமல், முழுத் தீர்வாக. மன்னிப்பு என்கிற பேச்சே இல்லை.

எனக்கு அந்தத் தொகையைப் பிடிக்கவில்லை. அந்தச் சாட்சி உளறிய பிறகு தீர்ப்பு வரை போயிருக்கலாம் என்று இப்போதும் நினைக்கிறேன். லாயர் இரண்டு பக்கமும் சொன்னார்: ஜெயித்தால் இதைவிட அதிகம், எடுத்துக்காட்டு இழப்பீடுகூட வரலாம். ஆனால் மேல்முறையீடு, இன்னும் சில வருஷம், தோற்றால் செலவுத் தொகை உன் தலையில். பையனுக்கு ஜோகூரில் வேலை உறுதியாகியிருந்தது, சிங்கப்பூர் போகிற யோசனையும் இருந்தது. ஒவ்வொரு தேதிக்கும் பஸ் ஏறி வர அவனால் முடியாது. “எடுத்துக்கறேன் சார்” என்றான்.

சின்னம்மா மட்டும் கேட்டார், “அடிச்சவன் கையிலேருந்துதானே லாயர் சார் இந்தக் காசு வருது?” இல்லை, அரசாங்கக் கஜானாவிலிருந்து என்றார் லாயர். அடித்தவரிடமிருந்து ஒரு காசுகூட வராதா என்று மறுபடி கேட்டார். வராது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்போ நம்ம வரிப்பணத்த நமக்கே குடுக்கறாங்க” என்று சொல்லி, ஒட்டுமொத்தமாகக் கையெழுத்துப் போட வேண்டிய இடங்களைக் காட்டச் சொன்னார். அவர் பெயரில் எந்தக் கையெழுத்தும் தேவைப்படவில்லை. ஆனாலும் சாட்சியாக ஒரு இடத்தில் போட வைத்தோம்.

செக் வர ரொம்ப நாள் பிடித்தது. அரசாங்கத்தின் மேல் ஜப்தி போட முடியாது, நீதிமன்றச் சான்றிதழை அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். வந்ததும் வீட்டுக் கடனில் கொஞ்சம் அடைத்தார்கள். அவன் காது மூடிக்கொண்டது, ஆனால் இடது பக்கம் நின்று பேசினால் திரும்பித்தான் கேட்பான். கூட்டாளி மோட்டார் இனி வேண்டாம் என்று சொந்தமாக ஒன்று எடுத்தான். ஜோகூருக்குக் கிளம்புகிற அன்று ஆபீஸுக்கு வந்தவனிடம், கிராண்ட், லைசென்ஸ் எல்லாம் கையோடு வைத்துக்கொள்ளடா, ரோட்டில் நிறுத்தினால் காட்டணும் என்றேன்.

“மூணு செட் ஃபோட்டோஸ்டாட் எடுத்துட்டேன்க்கா” என்றான். “ஒண்ணு உங்க ஃபைல்ல வச்சுக்குங்க.”